நான் அடித்துப்போட்ட ‘ஆம்’

என் மகளுக்கு,

நேற்றுப் பகல் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று கேட்டாய். “அத்தை சொன்னாங்கப்பா. நான் பொறந்தப்போ நீங்க மூணு நாளு வந்தே பாக்கலையாமே. பொண்ணுன்னு தெரிஞ்சு வரலையாம். நெசமா?” நான் குனிந்து பெட்டியின் பூட்டைத் திருகிப் பார்த்தேன். பூட்டு இறுக்கமாக இருக்கிறது, ரெண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு எண்ணெய் தேடப் போனவன், சாயங்காலம் வரை அந்தப் பக்கம் வரவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக ஊரார் எழுதிய வாக்கியங்களைத் திருத்துகிற மனிதனுக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. உன் அம்மா அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “பேசுனா நீங்க முழுங்கிடுவீங்க. எழுதிக் குடுங்க,” என்றாள். என்னை அவளைப்போல் மெய்ப்புப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து படி. பட்டணம் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும்.

உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு வரி தனியாக நிற்காது. நீ போகிற வேலையும், நீ கேட்ட கேள்வியும், அந்த மூன்று நாளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு வார இதழில் பிறர் எழுத்தைச் சரிபார்க்கப் போகிறாய். போன அன்றே உன் கையில் சிவப்பு மைப் பேனா ஒன்றைக் கொடுப்பார்கள். அதே மாதிரிப் பேனாவால் நான் செய்த ஒரு காரியத்தை உனக்குச் சொல்லாமல் வண்டி ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நேற்று நீ கேட்ட விதத்தைப் பற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மனசு கலங்கிக் கேட்கும்போதுகூட நீ ‘வரலை’ என்று சொல்லவில்லை, ‘வரலையாம்’ என்றாய். கண்ணால் பார்த்ததற்கு ஒரு வினை, காதில் விழுந்ததற்கு அதே வினையோடு ஓர் ‘ஆம்’. இதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்திலும் தரவில்லை. மூன்று வயதில் ‘பூனை பால் குடிச்சுச்சாம், அம்மா சொன்னா’ என்று வந்து நின்றவள் நீ. உனக்கு அது மூச்சு விடுவது மாதிரி. எனக்கு மட்டும் அந்த ஓர் அசையைக் கேட்டால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒடுகத்தூரில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக்கு நடுவே அந்த அச்சகம் மாதம் ஒருமுறை எட்டுப் பக்கத்தில் ஒரு செய்தித்தாளும் போட்டது. மலைக்கும் அடிவாரத்துக்குமாகச் சேர்த்து ஒன்று. அதற்கு ஆசிரியர், மெய்ப்பாளர், கட்டுக்கட்டிப் பஸ்ஸில் ஏற்றுகிறவர் எல்லாம் நான் ஒருவனே. ஈய எழுத்துக் கோப்பதற்கு ஒரு கம்பாசிட்டர் இருந்தார். நான் எழுதிக்கொடுத்ததில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டார். அந்த வயதில் எனக்குத் தலையில் கொம்பு முளைத்திருந்தது. அட்டை கிழிந்த ஓர் இலக்கண நூலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நீ சின்ன வயதில் ஓரமெல்லாம் வாத்து வரைந்தாயே, அதே நூல்தான். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெயர்ப்பலகையில் ஒற்றுப்பிழை இருந்தால் அந்தக் கடையில் சாமான் வாங்கமாட்டேன். உன் அம்மாதான் போய் வாங்கி வருவாள். எழுத்தில் எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன்: வாக்கியம் நிமிர்ந்து நிற்க வேண்டும். ‘போலும்’, ‘என்னவோ’, ‘என்கிறார்கள்’, ‘ஆம்’ எல்லாம் பயந்தவன் பேச்சு. பார்த்த இடத்தில் அடி. அச்சில் வருகிற சேதி திடமாக வர வேண்டும் என்று கம்பாசிட்டருக்கு வகுப்பே எடுப்பேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுத்துக் கோப்பார்.

மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து மாதந்தோறும் ஊர்ச்சேதி வரும். எழுதுகிறவள் பெயர் கோவிந்தம்மா. என் வயதுதான் இருக்கும். ஐந்தாவது வரை படித்தவள். சாமை விதைப்பதற்கும் புளி பொறுக்குவதற்கும் நடுவே நோட்டுத்தாளில் பென்சிலால் எழுதி, கீழே இறங்குகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். அவள் எழுத்தில் றகரமும் ரகரமும் ஒன்றுதான். முற்றுப்புள்ளி என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அவளுக்குத் தெரியாது. ஆனால் பாதி வினைகளின் வாலில் ‘ஆம்’ ஒட்டிக்கொண்டிருக்கும். “மேலூர்ல கரடி வந்துச்சாம் பலாப்பழத்த தின்னுட்டுப் போச்சாம் சக்க கெடந்தது பாத்தேன்” என்று எழுதியிருப்பாள். நான் அதை “மேலூரில் கரடி வந்தது. பலாப்பழத்தைத் தின்றது” என்று ஆக்கிவிட்டு, சக்கையைப் பற்றிய வரியை இடமில்லை என்று எடுத்துவிடுவேன். ஒரே தாளில் பதினொரு ‘ஆம்’களை அடித்த நாளும் உண்டு. நெல் வயலில் களை எடுத்த மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பங்குனியில் அவள் எழுதி அனுப்பியது இது: “ஊருக்குக் கீழ சந்தன மரம் ஒன்னு வெட்டிக் கெடக்குது பாத்தேன் சடையன் வெட்டினாராம்.” சடையன் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர். நான் புள்ளி வைத்தேன். ‘வெட்டிக் கெடக்குது’ என்பதை ‘வெட்டப்பட்டுக் கிடக்கிறது’ என்று ஆக்கினேன். ‘பாத்தேன்’ தேவையில்லை என்று எடுத்தேன். ‘வெட்டினாராம்’ என்பதை ‘வெட்டினார்’ என்று ஆக்கினேன். கம்பாசிட்டருக்கு அது ஒரு வேலையே இல்லை. ரகரத்தின் கால் போயிற்று, பின்னாலிருந்த மகரம் போயிற்று, ரகரத்தின் தலையில் ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தது. அடியில் கோவிந்தம்மா என்று கொட்டை எழுத்தில் அவள் பெயரைப் போட்டேன். பெயரைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

சந்தன மரம் என்றால் என்ன என்பது அந்த மலையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சொந்த நிலத்தில் முளைத்தாலும் அது சர்க்காருடையது, தொட்டால் ஜெயில். எங்கள் தாள் காட்டிலாகா ஆபீஸ் ஒன்றுக்கும் போய்க்கொண்டிருந்தது. பதினைந்து நாள் கழித்துச் சடையனைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணே பெயர் போட்டு அச்சில் சொல்லியிருக்கிறாளே, அதற்குமேல் என்ன வேண்டும்?

இது எதுவும் எனக்குத் தெரியாது. உன் அம்மா தலைப்பிரசவத்துக்குக் கணியம்பாடியில் தாய்வீட்டில் இருந்தாள். இன்னும் பத்து நாள் ஆகும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தார். நான் நடுப்பகலில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முழங்கால் வரை செம்மண்ணோடு ஒரு பெண் வந்து நின்றாள். பாதி நடை, பாதி ஜீப், அப்புறம் ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அதுவரை கோவிந்தம்மாவை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் தாளை மேஜைமேல் விரித்தாள்.

“இன்னாங்க இது?”

“உன் சேதிதாம்மா. நல்லா வந்திருக்கே,” என்றேன்.

“என் ‘ஆம்’ எங்கங்க?”

எனக்கு விளங்கவில்லை. அவள் விரலை வைத்துக் காட்டினாள். “நான் வெட்டினாராம்னு எழுதினேன். நீங்க வெட்டினாருன்னு போட்டுக்கீறீங்க. நான் பாத்தத எடுத்துட்டு, பாக்காதத பாத்தேன்னு போட்டுட்டீங்களே! சடையன இட்டுனு போய்ட்டாங்க. ஊர்ல ஒருத்தரும் என்னாண்ட பேசறதில்ல. அவரு பொண்டாட்டி கொழந்தைய கொண்டாந்து எங்க வூட்டு வாசல்ல ஒக்கார வச்சுட்டு, இனிமே நீயே சோறு போடுன்னு சொல்லிட்டுப் போய்ட்டா.”

இருந்தாலும் கொம்பு அவ்வளவு சீக்கிரம் உதிருமா? “ரெண்டும் ஒரே அர்த்தம்தாம்மா. ஒரு எழுத்துதான் வித்தியாசம்,” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. இவ்வளவு படித்தவனுக்கு இது தெரியவில்லையே என்கிற ஆச்சரியம்.

“ஒன்னுங்களா? நான் மாசி மாசத்துல பொறந்தேனாம். எங்கம்மா சொன்னா. என் பொறப்பையே நான் பாக்கலன்னு ‘ஆம்’ போட்டுதான் சொல்றேன். இன்னொருத்தரு தலைக்கு வர்ற சேதிய ‘ஆம்’ இல்லாம எப்டிங்க எழுதுவேன்?”

பொறந்தேனாம். மகளே, அந்தச் சொல்லை நான் என் வாழ்நாளில் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. தன் பிறப்பையே தான் பார்க்காத சேதியாக வைத்துப் பேசுகிற ஒரு நேர்மை, நாம் சோறு கேட்கிற மொழிக்குள்ளே, ஒரு வாலில், ஓர் அசையில் உட்கார்ந்திருக்கிறது. யார் அதை அங்கே வைத்தார்கள்? எத்தனை தலைமுறை அதைக் கீழே போடாமல் கொண்டு வந்திருக்கிறது? இலக்கண நூலில் அதற்கு ஒரு பெயர் உண்டு, மனப்பாடம் செய்திருந்தேன். பெயர் தெரிந்தவன் எடுத்து எறிந்தேன். பெயர் தெரியாதவள் இவ்வளவு தூரம் வந்து திருப்பிக் கேட்கிறாள். மலைப்பு என்ற சொல்லை உண்டாக்கியவர் எங்கோ ஒரு மலையடியில் நின்றுதான் உண்டாக்கியிருக்க வேண்டும். நான் ஒடுகத்தூரில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மலைத்துப் போனேன்.

கம்பாசிட்டர் எழுத்துக் கோத்து முடித்த தாள்களை ஒரு கம்பியில் குத்தி வைப்பார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கம்பியைக் கவிழ்த்துத் தேடினோம். கோவிந்தம்மாவின் தாள் கிடைத்தது. கம்பி குத்திய ஓட்டை ‘வெட்டினாராம்’ என்பதற்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது. என் சிவப்பு மைக்கோடு ‘ஆம்’மின் குறுக்கே கிடந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே அவளோடு கிளம்பினேன். காட்டிலாகா ஆபீசிலிருந்த அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத நீங்க நேத்துகூட எழுதியிருக்கலாம் சார். ஊர்க்காரங்க ஆளாளுக்குப் பார்த்தத சொல்லட்டும். எழுதி, கைநாட்டு வாங்கிக் கொண்டாங்க. நாளான்னிக்கி கோர்ட்டுக்கு அனுப்பணும். அதுக்குள்ள வந்தா பாக்கலாம்,” என்றார். சடையன் உள்ளே சுவரோரம் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் யாரோ அதிகாரி என்று நினைத்து எழுந்து கும்பிட்டார். நான்தான் அந்த ஆள் என்று சொல்லாமல் நானும் கும்பிட்டேன்.

மறுநாள் காலை கோவிந்தம்மாவின் ஊரில் கூட்டம் என்று முடிவானது. எல்லாரும் வந்து உட்காரும் நேரத்தில், புளி வாங்க வந்த ஒடுகத்தூர் வியாபாரி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “உங்களுக்குக் கொழந்த பொறந்துருக்காம்ங்க. நேத்து சாயங்காலமாம். கணியம்பாடியிலருந்து ஆள் வந்து பிரஸ்ல சொல்லிட்டுப் போனாங்களாம்.” என்ன குழந்தை என்று கேட்டேன். “அது தெரியலீங்க,” என்றார். உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “நல்லா கீறாங்களாம்.” பத்து நாள் முந்திக்கொண்டு வந்துவிட்டாய் நீ.

இந்த இடத்தை நான் உனக்கு மறைக்காமல் எழுத வேண்டும். போக முடியாமல் மலையில் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். போயிருக்கலாம். அதே வியாபாரியின் ஜீப் ஒரு மணி நேரத்தில் கீழே போகிறது. கோவிந்தம்மாவே, “நீங்க போய்ட்டு வாங்க. மொதப் புள்ள. நான் சொல்லிக்கிறேன்,” என்றாள். சடையனின் மனைவி இடுப்பில் குழந்தையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு வயது இருக்கும் அந்தக் குழந்தைக்கு. நான் போய்விட்டால் அந்த ஊரில் எழுதத் தெரிந்தவள் கோவிந்தம்மா ஒருத்திதான். அவள் எழுத்தைத்தான் இனி யாரும் நம்பமாட்டார்களே, என் புண்ணியத்தால்! ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் வளைவு வளைவாக இறங்கி அடங்குகிற வரை கேட்டுக்கொண்டே நின்றேன். நான் இருந்துவிட்டேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை.

கூட்டத்தில் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, கோவிந்தம்மா ‘ஆம்’ போட்டுத்தான் எழுதினாள், நான்தான் அடித்தேன் என்று சொன்னேன். தாளை எல்லார் கையிலும் கொடுத்தேன். படிக்கத் தெரியாதவர்களும் வாங்கிச் சிவப்புக் கோட்டைத் தடவிப் பார்த்தார்கள். அப்புறம் மரம் வெட்டிய அன்றைக்கு நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்ல, நான் எழுதினேன். “சடையன் புளிய மரத்து மேல ஏறி உலுக்கினாரு. நான் கீழ பொறுக்கினேன்.” “மத்தியானம் அங்கியே களி தின்னாரு. நான்தான் போட்டேன்.” “கீழ ஜீப்பு ஒன்னு வந்து நின்னுச்சாம். எம் பொண்ணு சொன்னா. நான் பாக்கல.” எழுத எழுத என் கை நின்று நின்று போயிற்று. ஒருத்தர்கூடத் தடுமாறவில்லை, யோசிக்கவில்லை. பார்த்தது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம் என்று வாய் திறக்கும்போதே பிரிந்து வந்தது, சுளகில் உமியும் சாமையும் பிரிகிற மாதிரி.

கடைசியாகச் சடையனின் மனைவி வந்தாள். இவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ‘எங்க வூட்டுக்காரரு வெட்டல’ என்பாள்; எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். அவள் சொன்னாள்: “அவரு வெட்டலையாம்ங்க. அவருதான் சொன்னாரு. நான் அன்னிக்கி எங்கம்மா வூட்ல இருந்தேன்.”

நான் பேனாவை வைத்துவிட்டேன். புருஷன் ஜெயிலுக்குப் போகப் போகிறார். ஓர் அசையை விழுங்கினால் போதும். ‘வெட்டல’ என்று சொன்னால் உலகத்தில் யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். நானாக இருந்தால் நூறு சத்தியம் செய்திருப்பேன். அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, நான் எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எவ்வளவோ பெரிய புத்தகங்களை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன், நல்ல நல்ல வாக்கியங்களைக் கண்டு ஆடிப்போயிருக்கிறேன். அதற்குச் சமமான ஒரு வாக்கியத்தை இன்றுவரை பார்க்கவில்லை. ஆரம்பித்திருந்த வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

மூன்றாம் நாள் காலை, நான் எழுதிக்கொண்டு போனதை அதிகாரி படித்தார். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினார். “பொண்டாட்டியே ஆம் போட்டிருக்காளா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தார். “இந்தப் பொம்பள பொய் சொல்லலன்னா மத்தவங்களும் சொல்லியிருக்க மாட்டாங்க,” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுச் சடையனை அனுப்பிவிட்டார். மரத்தை வெட்டியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த இதழின் முதல் பக்கத்தில், கோவிந்தம்மாவின் பெயருக்குப் பக்கத்தில், என் தப்பு என்று சொல்லி, ‘வெட்டினாராம் என்று திருத்திப் படிக்கவும்’ என்று போட்டேன்.

ஒடுகத்தூர் வந்து இறங்கியதும் கம்பாசிட்டர் ரோட்டிலேயே ஓடிவந்து, “பொண்ணாம்ங்க!” என்றார். அப்போதுதான் எனக்குத் தெரியும். வீட்டுக்குக்கூடப் போகாமல், மூன்று நாள் அழுக்கோடு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். கணியம்பாடியில் வாசலில் என் அக்கா நின்றிருந்தாள். “இப்பதான் வழி தெரிஞ்சுதாடா? பொண்ணுன்னதும் காலு வரலையா?” என்றாள். நான் அவளைத் தாண்டி உள்ளே போனேன். ஒரு ‘ஆம்’மை அடித்து ஒரு மனிதரைப் பிடித்துக் கொடுத்தேன் என்று சொல்வதைவிட, அவள் நினைத்ததே பரவாயில்லை என்று அந்த நேரத்துக்குத் தோன்றியது. உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அதனால் அத்தைமேல் கோபப்படாதே. நான் வராததை அவள் கண்ணால் பார்த்தாள். காரணத்தைப் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை; காலியாக இருந்த இடத்தை ஊர் வழக்கப்படி நிரப்பிக்கொண்டாள். அப்புறம் நீ ஐந்து வயதில் கேட்டபோது, ‘உன்னை முதல்ல தூக்கினது நான்தான், கண்ணைத் தொறந்து என்னைத்தான் பாத்தே’ என்று கதை விட்டேன். நூறு தடவை விட்டிருப்பேன். உன் அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். அது பொய், மகளே. மன்னித்துவிடு.

அந்த மூன்று நாளோடு நான் திருந்திவிட்டேன் என்றும் நினைக்காதே. நீ பத்து வயதில் லீவுக்குக் கணியம்பாடி போயிருந்தபோது ஒரு கார்டு போட்டாய். ‘அப்பா எனக்கு இங்க புடிக்கல சீக்கரம் வாங்க.’ நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ‘பிடிக்கவில்லை’, ‘சீக்கிரம்’ என்று சிவப்பு மையில் திருத்தி, உறையில் போட்டு உனக்கே திருப்பி அனுப்பினேன். நீ அதற்குப் பிறகு ரெண்டு வருடம் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஆறு சொல்லில் ரெண்டு பிழை பார்த்தவனுக்கு, அழுதுகொண்டு எழுதிய பிள்ளை தெரியவில்லை. அந்தக் கார்டை நீ கிழித்துப்போட்டிருப்பாய். எனக்கு இன்னும் எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது.

ஆகவே போகிற இடத்தில் கவனமாக இரு. ஒற்றைப் போடு, எடு. ரகர றகரத்தைப் பார். ஒரு வரி நீளமாக இருந்தால் வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டுகிற இடத்தில் உடை. அதெல்லாம் நம் வேலைதான், கூச்சப்படாமல் செய். ஆனால் எழுதியவர் ஒரு சொல்லில் தயங்கியிருந்தால், அந்தத் தயக்கத்தைத் திருத்துவதற்கு முன்னால் ஏன் தயங்கினார் என்று கேள். ‘படுகிறது’ ‘பட்டது’ என்று வருகிற இடத்தில் செய்தது யார் என்று தேடு. நான் ‘வெட்டப்பட்டு’ என்று எழுதியது அழகுக்காக, அதற்கு ஒரு பலனும் இல்லை. இப்போது ஈய எழுத்துப் போய் ஏதேதோ புது மெஷின் வருகிறது என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. எதில் அடித்தாலும் அடிப்பது நீதான்.

உன் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன். முதல் பதினாறு பக்கம் இல்லாத அந்தப் பயணப் புத்தகம். எழுதியவர் பெயர் தெரியாது, எந்த ஊரிலிருந்து கிளம்பினார் என்றும் தெரியாது. பழைய பேப்பர் கட்டில் கிடைத்தது. பதினேழாம் பக்கத்தில் ஓர் ஆற்றைக் கடந்துகொண்டிருப்பார். எனக்கு ஏன் அதைப் பிடிக்கும் என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். அந்த மனிதர் தான் போகாத ஊரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ‘ஆம்’ போடுகிறார். ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை, எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவரை நம்பி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றும்.

இனி நீ பிறந்த கதையை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற நேரத்தில் பிறந்தாயாம். அழக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாயாம். உன்னை முதலில் தூக்கியது அத்தைதானாம். தூக்கிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாளாம், எப்போது வருவான் என்று என்னைத் திட்டிக்கொண்டே. இதெல்லாம் உன் அம்மா சொன்னது. மூன்றாம் நாள் மத்தியானம் நான் வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். என் விரலில் அச்சு மை இருந்தது, தொடக்கூடாது என்று கையை இழுத்துக்கொண்டேன். நீ தூக்கத்திலேயே அந்த விரலைப் பிடித்தாய். நான் அழுதேன். உன் உள்ளங்கையில் மை ஒட்டிக்கொண்டது, உன் அம்மா முந்தானையால் துடைத்தாள். இந்த வரிகளில் ‘ஆம்’ கிடையாது.

நாளைக்குப் பட்டணத்தில் யாராவது உன் அப்பாவைப் பற்றிக் கேட்டால், பெண் பிறந்ததென்று வரவில்லையாம் என்று சொல்லாதே. அதை யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வந்தாராம் என்று சொல். நீ கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் இப்போது எழுதித்தான் உனக்குத் தெரியும். ஆகையால் என்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் அந்த ‘ஆம்’மை விட்டுவிடாதே. அது இல்லாமல் அந்தச் சொல்லை எழுத இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் உரிமை உண்டு. வந்தேன்.

விரலில் இன்னும் மை போகாத,
உன் அப்பா